லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல்: 518 பக்கமும் ஒரே ஆள் கைதானா?

கோணல்கோடு கேட்டது:

வணக்கம். கோவையில் எழுத்துரு வடிவமைப்பு படிக்கிறேன். போன வாரம் எங்கள் ஆசிரியர் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலின் பக்கங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டிய சின்னத் தீவில், ஒரு துறவற மடத்தில், கி.பி. 700 வாக்கில் எழுதியது. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நான்கும் லத்தீனில். 259 தோல் ஏடுகள், அதாவது 518 பக்கம். எழுத்தும் ஓவியமும் ஈட்ஃப்ரித் என்ற ஒரே துறவியின் கை என்கிறார் ஆசிரியர்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தமிழ் எழுத்துரு ஒன்றில் 'ஐ' எழுத்தை மட்டும் திருத்தித் திருத்தி ஒரு வாரம் ஓட்டியவள் நான். அந்தப் பக்கங்களில் பறவைக் கழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஓடுவதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மடத்தில் ஆளுக்கா பஞ்சம்? பத்துப் பேர் செய்த வேலைக்குப் பெரியவர் ஒருவரின் பெயரைப் போட்டிருப்பார்கள் என்று வாதாடினேன். பந்தயமும் கட்டியாயிற்று. தோற்றவர் வகுப்பு முழுவதற்கும் பஜ்ஜி.

இன்னொன்று. அந்த நீலம் ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து போன லாபிஸ் லசூலி கல்லை அரைத்தது என்றும் ஸ்லைடில் இருந்தது. அது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 31 பேருக்கு பஜ்ஜி.


சுவரெழுத்துக்காரர்:

தம்பியா தங்கையா என்று யோசித்தேன், 'ஒரு வாரம் ஓட்டியவள்' என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சரிம்மா, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் படித்தவன் இல்லை. மதுரையில் 31 வருடம் போர்டு எழுதியவன். கடைப் பலகை, லாரி, தேர்தல் சுவர், கோயில் திருவிழாத் தட்டி எல்லாம். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, இப்போது மகள் வீட்டில் நியூகாசிலில் இருக்கிறேன். அந்தப் புத்தகத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2022 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை இங்கே லெய்ங் ஓவியக் கூடத்தில் வைத்திருந்தார்கள். மற்ற நாளில் அது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில்.

மங்கலான வெளிச்சம், கண்ணாடிப் பெட்டி, திறந்திருந்தது ஒரே விரிப்பு. முதலில் ஏமாற்றம்தான். அவ்வளவு பெரிய பேர், பார்த்தால் ஒரு முழத்துக்கும் குறைவான உயரம். குனிந்து பார்க்க ஆரம்பித்த பிறகு நிமிர மனம் வரவில்லை. மகள் இரண்டு முறை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

உன் கேள்விக்கு வருகிறேன். எழுத்து ஒரே கை என்பதுதான் அதைப் பல வருடம் ஆராய்ந்தவர்களின் முடிவு. ஓவியமும் அதே கைதான் என்பதும் பெரும்பாலோர் கருத்து. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. நீளமான சுவரில் இரண்டு பேர் எழுதினால், எவ்வளவு ஒத்துப் பழகிய கையானாலும், 'ழ'வின் கீழ்ச்சுழியில் காட்டிக்கொடுத்துவிடும். ஒருவன் சுழிக்கு முன் பிரஷ்ஷை லேசாகத் தூக்குவான், இன்னொருவன் அழுத்தியே இழுப்பான். தெருவில் போகிறவனுக்குத் தெரியாது, எழுதினவனுக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தில் அந்தத் தூக்கல் மாறவே இல்லை என்கிறார்கள். மேடை மேல் உட்கார வைத்தது போல் உருண்டையான, அகலமான எழுத்து. அவசரமே கிடையாது.

நீ சொல்கிற பத்துப் பேர் வேலையும் அந்தக் காலத்தில் நடந்திருக்கிறது, அது வேறு இடம். இந்தத் தீவு இருந்த அதே நார்தம்பிரியா நாட்டில், தெற்கே வேர்மவுத், ஜாரோ என்ற இரட்டை மடத்தில், முழு பைபிளை மூன்று பிரதி எடுத்தார்கள். அதில் ஒன்றை மடத்துத் தலைவர் 716-இல் ரோமுக்குக் கொண்டு போகப் புறப்பட்டு வழியிலேயே இறந்தார். அந்தப் பிரதி இன்று இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேல் ஏடு. அதில் ஏழு பேர் கையைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஏழு பேரைப் பிரிக்கத் தெரிந்த கண்களுக்கு இங்கே ஒருவரைத்தான் பார்க்க முடிந்தது. பஜ்ஜிக்கு மாவு கரைத்து வை.

ஆனால் 'ஒரே ஆள்' என்பதை எழுத்துக்கும் படத்துக்கும் மட்டும் வைத்துக்கொள். சுமார் 150 கன்றுக்குட்டித் தோல் அதில் போயிருக்கிறது. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, முடியைச் சிரைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறை போன்ற கத்தியால் சுரண்டிச் சுரண்டி மெல்லிசாக்க வேண்டும். அதை ஈட்ஃப்ரித் செய்திருக்க மாட்டார். யாரோ நாற்றத்தில் நின்று செய்திருக்கிறார்கள். அவர்கள் பேர் எங்கும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பக்கத்தின் பின்புறம். எழுத்தே இல்லாமல் பின்னல் மட்டும் நிறைந்த 'கம்பளப் பக்கங்கள்' ஐந்து இருக்கின்றன. அவற்றின் பின்பக்கத்தில் காம்பஸ் முனை குத்திய துளையும் கட்டம் போட்ட கோடும் இன்னும் தெரிகின்றன. நாங்கள் தாளில் ஊசியால் குத்தி, கரித்தூள் முடிப்பால் தட்டி, சுவரில் புள்ளி விழ வைப்போமே, அந்த ஞாபகம் வந்துவிட்டது. இவர் ஈயக் கம்பியால் கோடு போட்டிருக்கிறார். பென்சில் வருவதற்குப் பல நூறு வருடம் முன்னால். பின்பக்கம் ஸ்கெட்ச் போட்டு, ஏட்டுக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து, முன்பக்கம் வண்ணம் தீட்டியிருப்பார் என்கிறார் இதை ஆராய்ந்த மிஷெல் பிரவுன் அம்மையார். எங்கள் ஊர் ஆர்ட்ஸ் கடைகளில் கண்ணாடி மேசைக்கு அடியில் குண்டு பல்பு எரியும். அதே வித்தை.

லூக்கா தொடங்கும் பக்கத்தில் சிவப்புப் புள்ளி மட்டும் 10,600-க்கு மேல் என்று எண்ணியிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 30 வைத்தாலும் நிறுத்தாமல் ஆறு மணி நேரம். இந்த மாதிரி வேலையை நான் கடைப் பையனிடம் தள்ளிவிடுவேன். பையன் வைத்தால் ஓரத்துக்கு வரும்போது புள்ளி பெருத்துவிடும், பசி வந்ததைப் புள்ளி சொல்லும். இங்கே அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை.

மொத்தம் எவ்வளவு காலம்? மூச்சு விடாமல் செய்தாலே இரண்டு வருடம் என்று ஒரு கணக்கு. மடத்துப் பூசை, வேலை எல்லாம் போகக் கிடைத்த நேரத்தில் என்றால் பத்து வருடம் வரை ஆகியிருக்கலாம் என்று இன்னொன்று. அந்தத் தீவுக்கும் போய் வந்தேன். ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறிப் பாதையை மூடிவிடும், நேர அட்டவணை பார்த்துத்தான் கார் போக வேண்டும். காற்றில் கையுறையைக் கழற்றினேன், ஐந்து நிமிடத்தில் விரல் மடங்கவில்லை. 764-இல் ஜாரோ மடத்துத் தலைவர் ஒருவர் ஜெர்மனியில் இருந்த ஓர் ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, கடிதம் எழுதி, கேட்ட புத்தகங்களை முழுதும் அனுப்ப முடியவில்லை, குளிர்காலம் எழுதுகிறவர்களின் கையை முடக்கிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். சாக்குச் சொல்கிறார் என்று நான் நினைக்க மாட்டேன்.

நீலத்தைப் பற்றி எனக்குச் சரியாகத் தெரியாது. வண்ணம் தெரிந்தவர் யாராவது வாருங்கள்.


மருந்துக்கடைப் பேரன்:

வந்துவிட்டேன். தாத்தாவின் நாட்டு மருந்துக்கடை கும்பகோணத்தில். நான் படித்தது வேதியியல்.

லாபிஸ் லசூலி என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தது உண்மைதான், பழைய புத்தகங்களில் அப்படியே இருக்கும். 2004-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக்காரர்கள் ராமன் நுண்ணோக்கியால் பார்த்து முடிவு வெளியிட்டார்கள். நீலம் எல்லாம் இண்டிகோ. அதாவது நம் அவுரியில் இருக்கும் அதே சாயப் பொருள். வட ஐரோப்பாவில் அதே சாயத்தைத் தரும் வோட் என்ற செடி உண்டு, அதிலிருந்துதான் எடுத்திருப்பார்கள். ஆப்கானிஸ்தானுக்குப் போக வேண்டியதே இல்லை.

ராமன் என்றால் நம் சி.வி. ராமன்தான். திருச்சிப் பக்கத்தில் பிறந்தவர், 1928-இல் கண்டுபிடித்தது. லேசர் ஒளியை வண்ணத்தின் மேல் காட்டினால், சிதறித் திரும்பும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கைரேகை மாதிரி. ஏட்டைச் சுரண்ட வேண்டாம், தொடவும் வேண்டாம். 1,300 வருடப் பழைய தோலில் வேறு எதை வைத்துப் பார்ப்பது?

மற்ற வண்ணங்களின் பட்டியலைப் படித்தபோது தாத்தா கடை அலமாரி ஞாபகம் வந்தது. மஞ்சள், தாளகம். அரிதாரம் என்றும் சொல்வோம், கூத்துக்காரர்கள் முகத்தில் பூசியதே இதுதான், ஆர்செனிக் விஷம். சிவப்பும் ஆரஞ்சும் ஈயச் செந்தூரம். பச்சை, செம்புக் களிம்பு: செம்புத் தகட்டைக் காடிப் புகையில் வைத்தால் ஏறும் பச்சை. ஊதா ஒரு வகைப் பாறைப் பாசியிலிருந்து. இதையெல்லாம் முட்டை வெள்ளைக்கருவில் குழைத்திருக்கிறார்கள். தங்கம் இத்தனூண்டு, இரண்டொரு இடத்தில் மட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, பலர் கவனிப்பதில்லை. தாளகத்தில் கந்தகம் இருக்கிறது. ஈய வண்ணத்தோடும் செம்பு வண்ணத்தோடும் கலந்தால் நாளடைவில் கறுத்துப் போகும். அந்தப் பக்கங்களில் மஞ்சளும் சிவப்பும் பச்சையும் தலைமுடி அகல இடைவெளியில் நிற்கின்றன, இன்னும் பளிச்சென்று. எதை எதன் பக்கத்தில் வைக்கலாம் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

மைக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கால மடங்களில் எழுதும் மை என்றால் ஓக் மரத்தில் பூச்சி துளைத்து உண்டாகும் கழலையும் இரும்பு உப்பும் சேர்த்தது. நம் கடையில் அது மாசிக்காயும் அன்னபேதியும். இரண்டும் சேர்த்து ஐம்பது ரூபாய்க்கு வாங்கி, வேலம்பிசின் கலந்து நானே செய்து பார்த்தேன். எழுதும்போது வெளிறிய சாம்பல் நிறம், காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் கறுப்பு. தாளகத்தை மட்டும் யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.


சந்தேகப்பிராணி:

எல்லாரும் ஈட்ஃப்ரித், ஈட்ஃப்ரித் என்கிறீர்கள். அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லையே.

அவர் கையெழுத்துப் போடவில்லை. நம் ஏட்டுச்சுவடிகளில் கடைசி ஏட்டில் இன்ன வருடம், இன்ன மாதம், இன்னார் எழுதி முடித்தது என்று இருக்கும் இல்லையா, அந்த மாதிரிக் குறிப்பு இதிலும் இருக்கிறது. ஆனால் எழுதியது ஆல்ட்ரெட் என்ற பாதிரியார், புத்தகம் உருவாகி சுமார் 250 வருடம் கழித்து. 793-இல் வைக்கிங்குகள் தீவைக் கொள்ளையடித்தார்கள். 875-இல் துறவிகள் கத்பர்ட் என்ற புனிதரின் உடலையும் இந்தப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு தீவைவிட்டே கிளம்பினார்கள். பல வருடம் அலைந்து செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட் என்ற ஊரில் தங்கினார்கள். அங்கே 950-க்கும் 970-க்கும் இடையில்தான் ஆல்ட்ரெட் எழுதுகிறார்: ஈட்ஃப்ரித் எழுதினார், எத்தல்வால்ட் கட்டினார், பில்ஃப்ரித் என்ற தனித்துறவி பொன், வெள்ளி, மணிகளால் மேலட்டை செய்தார், நான் ஆங்கிலத்தில் பொருள் எழுதினேன்.

நற்செய்தி நான்கு, செய்தவர்கள் நான்கு பேர். நான்காமவர் அவரே. கணக்கு கொஞ்சம் வசதியாகப் பொருந்துகிறது, இல்லையா? ஈட்ஃப்ரித் 698 முதல் 721 வரை அந்தத் தீவின் ஆயராகவும் இருந்தவர். அத்தனை நிர்வாகத்துக்கு நடுவே 10,600 புள்ளியா? ஒரே கை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கைக்குப் பேர் ஈட்ஃப்ரித் என்பதற்கு ஆதாரம் மடத்தின் செவிவழிப் பேச்சு மட்டும்.


கோணல்கோடு:

இதை அப்படியே அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டு போனேன். நீலம் விஷயத்தில் சார் உடனே ஒப்புக்கொண்டு ஸ்லைடைத் திருத்திவிட்டார். ஒரே கை விஷயத்தில் நான் அவுட். சந்தேகப்பிராணி சொன்னதைக் காட்டி, 'பேர் நிச்சயம் இல்லையே' என்று நழுவப் பார்த்தேன். பந்தயம் பேருக்கு இல்லை, கைக்கு என்று சொல்லிவிட்டார்.

சுவரெழுத்துக்கார ஐயாவுக்கு ஒரு கேள்வி. 518 பக்கத்தில் அவர் தப்பே செய்யவில்லையா? அப்புறம், முழுதாக முடித்தாரா?


சுவரெழுத்துக்காரர்:

நல்ல கேள்வி கேட்டாய். முடிக்கவில்லை. அலங்கார எழுத்துகளில் ஆங்காங்கே வண்ணம் நிரப்பாமல் விட்ட இடம் உண்டு. சிவப்புத் தலைப்பு வரிகளில் ஒரு பகுதி வேறு ஆள் கை. அவர் 721-இல் இறந்தபோது வேலை மீதி இருந்தது, வேறு யாரோ தலைப்பை மட்டும் எழுதிச் சேர்த்தார்கள் என்று மிஷெல் பிரவுன் கருதுகிறார். வண்ணம் விட்ட இடத்தை அந்த ஆள் தொடவில்லை. எனக்கு அது புரிகிறது. எங்கள் வாத்தியார் 1988-இல் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவர் பாதியில் விட்ட லாரி ஒன்று ஷெட்டில் நின்றது. நம்பர் பிளேட்டையும் டன் கணக்கையும் நான் எழுதினேன். பின்பக்கத்தில் அவர் தொடங்கி வைத்த மயிலை நான் தொடவில்லை. ஒரு இறகு குறையாகவே லாரி லோடு ஏற்றிப் போயிற்று. டிரைவர் கேட்டதற்கு, அது அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

சந்தேகப்பிராணி ஐயாவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆயருக்கு நேரம் ஏது என்று கேட்டீர்கள். ஆயர் ஆவதற்கு முன்பே எழுதியிருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. 698-இல் கத்பர்ட்டின் உடலைத் தோண்டி எடுத்துப் புதுப் பெட்டியில் வைத்த திருவிழாவுக்காகச் செய்ததாக இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. 715-க்குப் பிறகுதான் என்பது இன்னொரு கட்சி. எனக்குத் தோன்றுவது, ஆயர் ஆன பிறகும் தவக்காலத்தில் தனியாகப் போய் உட்கார்ந்து எழுதியிருப்பார். ஆதாரம் இல்லை, என் எண்ணம்தான். வேலை தெரிந்தவன் முதலாளி ஆன பிறகும் ஒரு போர்டையாவது தானே எழுதிக்கொண்டிருப்பான். அந்த அரிப்பு போகாது.

ஆல்ட்ரெட் விஷயத்தில்தான் என் மனம் இரண்டாக நிற்கிறது. கண்ணாடிக்கு முன்னால் குனிந்து பார்த்தபோது, அந்தக் கம்பீரமான லத்தீன் வரிகளுக்கு நடுவே எறும்பு ஊர்ந்தது போல் பொடி எழுத்து. முதலில் கோபம்தான் வந்தது. நான் எழுதின போர்டில் எவனாவது இடையில் புகுந்து பேனாவால் கிறுக்கினால் கையை ஒடித்திருப்பேன். அப்புறம் மகள் பலகையில் இருந்ததைப் படித்துச் சொன்னாள். அந்தக் கிறுக்கல்தான் நற்செய்தி நூல்களுக்கு ஆங்கிலத்தில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய மொழிபெயர்ப்பாம். லத்தீன் தெரியாத ஆளும் சொல்லுக்குச் சொல் விளங்கிக்கொள்ளட்டும் என்று மேலே மேலே எழுதி வைத்திருக்கிறார். தன்னைப் பற்றி எழுதும்போது 'தகுதியற்ற, மிகவும் பரிதாபமான பாதிரி' என்கிறார், பக்கத்திலேயே 'ஒரு நல்ல பெண்மணியின் மகன்' என்று அம்மாவையும் சேர்த்துக்கொள்கிறார். அதைக் கேட்டதும் என் கோபம் இறங்கிவிட்டது.

மேலட்டை பொன், வெள்ளி என்றார்களே, அது எப்போதோ போய்விட்டது. இப்போது இருப்பது 1850-களில் டர்ஹம் ஆயர் ஒருவர் காசு கொடுத்துப் போட்ட அட்டை. புத்தகம் கடலில் விழுந்து, நீர் வற்றியதும் மணலில் நனையாமல் கிடைத்தது என்று ஒரு கதை 12-ஆம் நூற்றாண்டிலிருந்து சொல்லிவருகிறார்கள். நனையாமல் என்பதை நான் நம்பவில்லை, ஆனால் கடலில் விழுந்தால் பிடிக்கப் போயிருப்பார்கள் என்பதை நம்புகிறேன். அது இப்போது இருக்கும் அடையாள எண்ணைக் கேட்டால் சிரிப்பாய். முன்பு இதை வைத்திருந்த ராபர்ட் காட்டன் என்பவர் தன் நூலகத்தில் ஒவ்வொரு அலமாரிக்கு மேலும் ஒரு ரோமப் பேரரசர் அல்லது ஓர் அரசியின் தலைச்சிலையை வைத்து, அந்தப் பேரையே அலமாரிக்கு வைத்தார். இந்தப் புத்தகம் நின்றது நீரோவின் தலைக்குக் கீழே. கிறிஸ்தவர்களைக் கொன்றவன் பேரில்தான் இன்றைக்கும் நற்செய்தி நூலைக் கேட்டு வாங்க வேண்டும்: காட்டன், நீரோ, டி, 4.

தப்பைப் பற்றிக் கேட்டாய். கத்தியால் சுரண்டித் திருத்துவது அந்தத் தோலில் சுலபம், அந்த வசதி எனக்கு எனாமல் பெயின்ட்டில் கிடையாது. தப்பைத் தேடி நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு பக்கத்தின் முன் நின்றவன் எதைச் சொல்ல?


கோணல்கோடு:

ஐயா, அந்த மயில் லாரி இப்போது எங்கே இருக்கும்?

வெள்ளிக்கிழமை பஜ்ஜி போட்டாயிற்று. வாழைக்காய் 20, மிளகாய் 11. சார் மிளகாயை எடுத்தார்.


சுவரெழுத்துக்காரர்:

திண்டுக்கல் பூட்டுக் கம்பெனிக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1990-களின் கடைசியில் ஒரு முறை பார்த்தேன். மறுபடி பெயின்ட் அடித்து, மயில் இருந்த இடத்தில் தாமரை எழுதியிருந்தார்கள். நல்ல கை. வலது மூலையில் பேரும் போட்டிருந்தான், சிக்னலில் பச்சை விழுந்ததால் படிக்க முடியவில்லை.